டாக்டரம்மாவின் லாரிப் பங்கு

“சார், கிளினிக்கை மூடிடலாம்னு இருக்கேன். கை நடுங்குது, தையல் போட முடியலை. லாரிப் பங்கைப் பிரிச்சு வாங்கிக் குடுங்க” என்றார் டாக்டர் ஸ்டெல்லா. எண்பதுகளின் தொடக்கம். நான் சேலத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் சங்ககிரியில் தனியாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், என் கட்சிக்காரர். இடம் வாடகைக்கு என்று பலகைகூட எழுதி வாங்கிவிட்டிருந்தார்.

ஆபீஸில் வேலை பார்த்தவருக்குப் பென்ஷன் உண்டு. சங்ககிரியில் சொந்தமாகத் தொழில் செய்யும் டாக்டருக்கும் வக்கீலுக்கும் லாரியில் பங்குதான் பென்ஷன். பணம் இவர்களுடையது, வண்டியைப் பார்த்துக்கொள்பவர் இன்னொருவர். டாக்டரம்மாவின் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் செங்கோடன். அவருடைய இரண்டு குழந்தைகளும் டாக்டரம்மா கையில் பிறந்தவை. தன் பங்கு லாபத்தை எடுக்காமல் வண்டியிலேயே விட்டு வைத்திருப்பதாக அந்த அம்மாள் நம்பியிருந்தார்.

இருவரும் லாரிப் பட்டறைக்குப் போனோம். செங்கோடன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“உங்க மேற்பார்வைக் கூலி எதிலிருந்து எடுக்கறீங்க?” என்று கேட்டேன்.

“வர்ற வாடகையில நூத்துக்குப் பத்துங்க. ஊரு வழக்கமே அதானுங்களே.”

“டீசல், டயர், டிரைவர் படி எல்லாம் போன மிச்சத்துல இல்லையா?”

“ஏனுங்க ஆடிட்டர் சார், மிச்சம் இருந்தாலும் இல்லாட்டியும் நான் அலையறனுங்கல்ல?”

எனக்கு அலுப்புத் தட்டியது. மனுஷர் திருடர் இல்லை, அதுதான் சங்கடம். வண்டி ஓடினால் அவருக்குக் கூலி. அதனால் வடக்கே போன வண்டிக்கு டீசல் காசுக்குக்கூடக் கட்டாத திரும்பு லோடு கிடைத்தாலும் ஏற்றச் சொன்னார். வண்டி ஓய்வில்லாமல் ஓடியது, தேய்ந்த டயரெல்லாம் டாக்டரம்மா கணக்கில்.

பிரசவத்துக்கே கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொள்கிற டாக்டரம்மா, அடுத்தவர் கூலியைப் பற்றி எப்படிக் கேட்பார்? கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, “இனிமே மிச்சத்துல எடுத்துக்கங்களேன், செங்கோடன்” என்றார்.

“நீங்க சொன்னாச் சரிங்க டாக்டரம்மா. உங்க பேச்சைத் தட்டுவனுங்களா?”

சொன்னபடியே செய்தார். அடுத்த மாதமே வண்டியைப் பட்டறையில் நிறுத்திவிட்டார். கட்டுப்படியாகிற லோடு ஏதும் வரவில்லையாம். பழைய கணக்கைக் கூட்டிப் பார்த்தால், வண்டியில் விட்டு வைத்த லாபம் என்று ஒன்று இருந்ததே இல்லை. வந்த விலைக்கு விற்றோம். வண்டி வாங்கிய கடன் போக மிஞ்சியதைத் தபால் ஆபீஸில் போட்டேன். அதன் வட்டி கிளினிக்கின் கரண்ட் பில்லுக்குச் சரியாக இருந்தது.

இப்போது தனியாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கடைசிக் காலத்துப் பணத்தை ஒருவரிடம் கொடுக்கும்போது, லாபம் எவ்வளவு என்பதைப் பிறகு கேளுங்கள். அவருடைய கூலி வரவிலா, மிச்சத்திலா என்று முதலில் கேளுங்கள். கேட்க வாய் கூசினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சில வருஷம் கழித்துக் காய்ச்சலோடு சங்ககிரியில் இறங்கி அந்தக் கிளினிக்குக்குப் போனேன். வாடகைப் பலகை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது. டாக்டரம்மா ஊசியைப் பிடித்த கையை மறுகையால் தாங்கிக்கொண்டார். முதல் முறை நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை.

“வலிக்குதா சார்?” என்றார்.

“இல்லை டாக்டர்” என்றேன். நன்றாகவே வலித்தது.