மீசை அளவுக்கு ஒரு முத்திரை

வாசுகி முதலில் நல்ல போனை எடுத்து, தான் அச்சடித்த கியூஆர் ஸ்டிக்கருக்கு நேரே பிடிக்கிறார். படித்துவிடுகிறது. அது அவருக்குப் போதாது. இழுப்பறையிலிருந்து, திரையில் விரிசல் விட்ட பழைய போனையும் எடுத்துப் பிடிக்கிறார். அதுவும் படித்த பிறகுதான் ஸ்டிக்கர் உறைக்குள் போகும். “கண்ணுக்கு அழகா இருந்தா மட்டும் பத்தாதுலா, போனுக்கும் புரியணும்” என்பார். அவசரப்படுகிறவர்களுக்கு நாற்காலியைக் காட்டுவார், அவ்வளவுதான்.

மலேசியாவின் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பல வருஷம் கணினிச் சில்லுகளைச் சோதித்துப் பார்த்தவர். அந்தப் பிரிவை மூடியதும், டவுனில் ஈசாவின் போன் கடையில் பாதி இடத்தைப் பிடித்து அச்சு இயந்திரத்தைப் போட்டுக்கொண்டார். வேலை போனாலும் கண் போகவில்லை. பசாரில் மீன் வாங்கும்போதும் பூதக்கண்ணாடியோடுதான் நிற்பார் என்று ஈசா கேலி செய்வார். வாசுகி அதை மறுத்ததில்லை.

பசாரில் யாரோ ஒரு காய்கறிக் கடையின் கியூஆர் கட்டத்தின் மேல், காசு தங்களுக்கு வரும்படி வேறொன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கடைக்காரர்கள் எல்லாரும் தங்கள் முத்திரையைக் கட்டத்துக்கு உள்ளேயே கேட்கிறார்கள். போன மாதம், மீ கோரேங் என்னும் வறுத்த நூடுல்ஸ் விற்கும் காளிதாசனும் அவர் மனைவி நளினியும் அதற்காகத்தான் வந்தார்கள்.

காளிதாசனின் குரலைக் கேட்டுத்தான் பாதி பசார் சாப்பிட வரும். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தபின் அந்தக் குரல் இல்லை. ஆளும் பாதியாக இளைத்துவிட்டார். காரம் குறைத்துப் போடுவாரா, முட்டை இல்லாமல் கிடைக்குமா என்று கேட்பவர்கள், பதில் வராததால் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். கடை கைமாறிவிட்டது என்றும் பேச்சு. அதனால் போனிலேயே பார்த்துக் கேட்டுக்கொள்ள நளினி ஓர் இணையப் பக்கம் தயார் செய்திருந்தார். அதைத் திறக்கும் கட்டத்தின் நடுவில் கணவரின் பழைய முகம் வேண்டும், அதுவும் பெரிதாக.

“அவருதான் இன்னும் சமைக்கிறாருன்னு பாத்ததும் தெரியணும், வாசுகி” என்றார் நளினி.

வாசுகி பெரிதாகவே வைத்தார். நல்ல போன் படித்தது, பழையது படிக்கவில்லை. நடுவில் கொஞ்சம் மறைந்தால் மிச்சப் புள்ளிகளை வைத்துப் போன் சமாளித்துக்கொள்ளும், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு என்று விளக்கினார். முகத்தைச் சுருக்கினார். இப்போது இரண்டும் படித்தன. ஆனால் அது யார் முகம் என்றுதான் தெரியவில்லை. காளிதாசன் தன் போனில் ஏதோ தட்டிக் காட்டினார்: ‘பரவால்ல. பெருசே போடு.’

போட்டுக் கொடுத்திருக்கலாம். இப்போது பெரும்பாலோரிடம் நல்ல போன்தான். ஆனால் தோட்டத்திலிருந்து வரும் கிழவர்கள் கையில் என்ன போன் இருக்கும் என்று வாசுகிக்குத் தெரியும். நோயில் இளைத்த மனிதரின் முகத்தை இன்னும் சிறிதாக்கவும் மனம் வரவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையால் நெற்றியையும் கண்ணையும் மறைத்தார். மறு கையால் தாடையை மறைத்தார். நடுவில், இரு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை மட்டும் நின்றது. நோய் தொடாமல் விட்டதும் அதைத்தான்.

“அண்ணே, இது மட்டும் போதுமா?”

காளிதாசன் திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறார் என்பது வாசுகிக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

“ஊருக்கே தெரியும்லா இந்த மீசை” என்றார் நளினி, கண்ணைத் துடைத்தபடி.

அகலமாக இருந்தாலும் மெல்லிய மீசை. சில புள்ளிகளைத்தான் மறைத்தது. இரண்டு போனும் படித்தன.

ஞாயிற்றுக்கிழமை வாசுகி பசாருக்குப் போனார். காளிதாசன் கடை முன்னால் நாலைந்து பேர். வரிசையில் முதல் ஆள் ஒரு பெரியவர், போனை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டிருந்தார். காலை வெயில் பளபளப்பான ஸ்டிக்கரில் பட்டுக் கண்ணாடிபோல மின்னியதில் போன் படிக்கவில்லை. அடுப்புக்குப் பின்னாலிருந்து காளிதாசன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை, நளினியும் பக்கத்தில் இல்லை. பின்னால் நின்ற பெண் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பத் தொடங்கினாள்.

வாசுகி கீரைப் பையைக் கீழே வைத்தார். வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டிக்கருக்கு முன்னால் ஓரமாக நின்றார். அவர் நிழல் ஸ்டிக்கரில் பாதியைத்தான் மூடியது. துப்பட்டாவின் இரு முனைகளையும் பிடித்து, கைகளை அகல விரித்தார்.