கிரகணத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் விசாரணை

சொந்தக்காரர்களின் பல்லைப் பார்ப்பதற்கென்றே ஊருக்குப் போனவன் நானாகத்தான் இருப்பேன். என் மகள் கயலுக்கு எட்டு வயது. முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் விழுந்து ஒரு வருடமாகியும் முளைக்கவில்லை. மதுரையில் எக்ஸ்ரே எடுத்த பல் மருத்துவர், ஈறுக்குள் அந்தப் பல்லின் முளையே இல்லை என்றார். பிறகு என் மேலுதட்டுத் தழும்பைப் பார்த்தார். நான் உதடு பிளந்து பிறந்தவன்.

கருவில் உதட்டையும் பல்லையும் உருவாக்குவதில் சில மரபணுக்களுக்குப் பொதுவான பங்கு உண்டாம். அதில் ஒன்று பிசகினால் ஒருவருக்கு உதடு சேராமல் போகலாம், அதே குடும்பத்தில் இன்னொருவருக்குப் பல் முளைக்காமல் போகலாம். "சோதனை செய்யாம உறுதியாச் சொல்ல முடியாது. வேற யாருக்காவது பல் இல்லையான்னு கேட்டுட்டு வாங்க" என்றார்.

அம்மாவுக்காகத்தான் கயலையும் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பினேன். என்னைச் சுமந்தபோது கிரகணத்தில் மாங்காய் நறுக்கினாள், அதனால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று நான் பிறந்ததிலிருந்தே பேச்சு. அவளும் அதை நம்பினாள். கயலின் பல்லைப் பற்றிச் சொன்னதும், "நான் செஞ்ச பாவம் பேத்தி வரைக்கும் வந்துட்டுதே" என்று போனில் அழுதாள்.

ராஜபாளையத்தில் அம்மாவை ஏற்றிக்கொண்டு டவுன் பஸ் பிடித்தோம். அத்தை இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர், அரைமணி நேரம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும் பன்னிரண்டு ரூபாய். சின்ன வயதில் இதே பாதையில் யாராவது என் உதட்டை உற்றுப் பார்த்தால், அம்மா உடனே என் வாயில் பால்கோவாவைத் திணிப்பாள். வாய் நிறைய இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அந்த இனிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது! அதன் காரணம் வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் சிரித்தார். "கோயிலுக்கா? இன்னைக்கு கிரகணம்லா சார், நடை சாத்தியாச்சு." தேதி பார்க்காமல் வந்த என் லட்சணம் அது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நேராக அத்தை வீட்டுக்கு விட்டோம்.

அத்தை அப்பாவின் அக்கா. மாங்காய்க் கதையை ஊரெல்லாம் பரப்பியவள் அவள்தான். எப்போதும் முந்தானையால் வாயை மூடித்தான் சிரிப்பாள். அடக்கம் என்று நினைத்திருந்தேன். தானம் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், அத்தையை எப்படிக் கேட்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன். கயல் ஏதோ சொல்லிச் சிரிக்க, அத்தையே அவள் தாடையைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஒனக்கும் என்னைய மாதிரி ஓட்டையா?"

முந்தானையை விலக்கிக் காட்டினாள். முன்பற்களுக்கு இரு பக்கமும் இடைவெளி. "பொறந்ததுல இருந்தே மொளைக்கல. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். கல்யாணம் அமையாதுன்னு எங்க அம்மா வாயை மூடிச் சிரிக்கப் பழக்கிவிட்டா."

மருத்துவர் சொன்னதை மெதுவாகச் சொன்னேன்.

"அப்ப இது எங்க வழியில வந்ததா மருமவனே?" என்று கேட்ட அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருசமும் ஒன்னைய வஞ்சேனே, பாக்கியம்."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, கிரகணம் பிடித்திருந்தது. அடுப்புப் பற்றவைக்கவில்லை. கயல் கூடையிலிருந்த மாங்காயைக் காட்டிப் பசிக்கிறது என்றாள். "செத்த நேரம் பொறு தாயி, கிரகணம் விடட்டும்" என்றாள் அத்தை.

அம்மா எழுந்து உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்து வந்தாள். காலை மடக்கி உட்கார்ந்தாள். "அது விட எம்புட்டு நேரமாகுமோ மதினி. புள்ளைக்குப் பசிக்குதுல்லா" என்று சொல்லி மாங்காயை நறுக்கினாள். முதல் துண்டைக் கயலுக்கும் அடுத்ததை அத்தைக்கும் மூன்றாவதை எனக்கும் கொடுத்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், புளிப்பு என்று சொல்லிவைத்தேன்.

போகிறவர்களுக்கு: கிளம்புமுன் பஞ்சாங்கம் பாருங்கள், கிரகணத்தன்று நடை திறக்க நேரமாகும். பால்கோவாவைச் சுடச்சுடக் கிண்டும் கடையில் வாங்குங்கள். குடும்பத்தில் பிளந்த உதடோ முளைக்காத பல்லோ இருந்தால் இரண்டையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்வதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லுங்கள். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.