எல்லாமே கொக்குதான்

படப்பையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து வந்த பொறியாளருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றிக் காட்டினேன். ஏரிக்கரையில் காரை நிறுத்தச் சொன்னவர், பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "எல்லாமே கொக்குதான்" என்றேன். நம்பி நோட்டில் எழுதிக்கொண்டார். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

மறுவாரம் அந்த நோட்டைப் பார்த்தேன். கொக்கையெல்லாம் அடித்துவிட்டு நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று திருத்தியிருந்தார். சொல்லிக்கொடுத்தது டிரைவர் அண்ணன்தானாம்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா?" என்று அவரிடம் கேட்டேன்.

"கெஸ்ட் முன்னாடி உங்கள எப்படி சார் விட்டுக்கொடுக்கறது?"

இப்போது அந்தப் பறவைகளைப் பெயர் சொல்லியே காட்டிவிடுவேன். அண்ணனின் முகத்தைத்தான் இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.