வெட்டிய சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து

1. ரைப் பண்ணுகிற ஆள்

பதினாறு வருசம் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்கள் ரைப் பண்ணினேன். இப்போது நான் சட்டத்தரணி. சட்டக் கல்லூரி நுழைவுச் சோதினைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்து, "அக்கா, ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் படிச்சனீங்கள்? எந்தப் புத்தகம்?" என்று கேட்கிறார்கள். மணித்தியாலத்தைச் சொல்லி என்ன பிரயோசனம்? நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன், அது உதவும்.

ஒரு நாள் சுன்னாகத்தில் இருந்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரும் மனைவியும் வந்தார்கள். இருந்த ஒரே வீடு வளவை மகனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுக்க வந்தவர்கள். அப்படி எழுதும்போது, சாகும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமையைப் பெற்றவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். சீவிய உருத்து என்று அதற்குப் பெயர். நொத்தாரிசு சேர் எழுதித் தந்த வரைவில் அது இல்லை. ரைப் பண்ணும்போதே எனக்குத் திக்கென்றது.

அந்த அம்மா என் மேசைக்குக் கிட்ட வந்து, "பிள்ளை, எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எல்லாம் சரியா எழுதிக் கிடக்குதோ?" என்று கேட்டா.

நான் வாயைத் திறக்க முதலே உள் அறையில் இருந்து நொத்தாரிசு சேரின் குரல் வந்தது.

"றொசலின், நீர் ரைப் பண்ணுற ஆள். சட்டம் சொல்லுற ஆள் இல்லை. உதைக் கெதியாக் கொண்டு வாரும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் கைநாட்டு வைத்துவிட்டு, எனக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மகன் தங்கமான பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வீட்டில் யூட்டிடம் சொல்லி அழுதேன். யூட் என்ரை மனிசன், குருநகரில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர்.

"அப்ப சொல்லுற ஆளா வாவன்," என்றார்.

"முப்பத்தெட்டு வயசிலையோ? விசரே உங்களுக்கு?"

"எஞ்சின் ஓடுதோ எண்டுதான் நான் பாக்கிறனான் றொசி. எப்ப வாங்கினது எண்டு கேக்கிறேல்லை."

அடுத்த கிழமை சட்டக் கல்லூரிச் சோதினைக்கு விண்ணப்பம் போட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இன்னொரு அம்மா அப்படி வந்து கேட்டால் வாயைத் திறக்கிற உரிமை. அதற்கு இந்தச் சோதினையைத் தாண்ட வேண்டும்.

2. சுருக்கம் எழுதத் தெரியாத பொம்பிளை

இரண்டு வினாத்தாள். ஒன்று மொழி, மற்றது பொது அறிவும் நுண்ணறிவும். மொழி எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைத்திருந்தேன். பதினாறு வருசம் தமிழில்தானே ரைப் பண்ணினேன்! முதல் பயிற்சித்தாளில், ஒரு பந்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்லியிருந்தது. எழுதி முடித்து யூட்டிடம் நீட்டினேன்.

"இதென்னடியப்பா, அவை தந்ததை விட உன்ரை நீளமாக் கிடக்கு!"

உண்மைதான். உறுதி எழுதுகிறவளுக்கு எதையும் விடத் தெரியாது. கிழக்கெல்லை ஒழுங்கை, மேற்கெல்லை வாய்க்கால், நடுவில் நிற்கிற பனைகள், கிணற்றில் உள்ள பங்கு, கிணற்றுக்குப் போகிற வழி, எல்லாம் ஒரே வசனத்தில் போகவேண்டும். ஒன்று விடுபட்டால் இரண்டு குடும்பம் வழக்கென்று கோட்டில் நிற்கும். அந்தப் பழக்கத்தில் நான் பந்தியில் இல்லாததையும் சேர்த்து எழுதியிருந்தேன்.

"எனக்கு ஃபோனிலை சொல்லுற மாதிரி எழுது," என்றார் யூட். "ரீலோட் காசு முடியப்போகுது எண்டு நினைச்சுக்கொள்."

அதையே செய்தோம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கந்தோரில் இருந்து அவருக்கு அடித்து, அன்றைய பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை ஒரு நிமிடத்துக்குள் சொல்வேன். அவருக்குக் கையெல்லாம் கிறீஸ், ஃபோன் கருவிப் பெட்டிக்கு மேல் ஸ்பீக்கரில் சத்தமாகக் கிடக்கும். முடிந்ததும், "சரி, ஆர் என்ன செய்தது? அதாலை ஆருக்கு என்ன?" என்று கேட்பார். என் பதிலில் அவருக்கு விளங்காவிட்டால் என் சுருக்கம் பிழை. பிறகு அதைக் கொப்பியில் எழுதுவேன். பிள்ளைகளே, உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அந்த விசயம் தெரியாத ஒருவருக்கு வாயால் சொல்லிப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.

நுண்ணறிவில் நான் மக்கு. உருவத்தைத் திருப்பினால் எப்படித் தெரியும், பற்சில்லு எந்தப் பக்கம் சுழலும் என்ற கேள்விகளில் தலை சுற்றும். யூட் கழற்றிய பற்சில்லுகளைச் சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து வைத்து, "இதை இப்பிடிச் சுத்தினால் அது எங்காலை போகும்?" என்று என் விரலாலேயே சுற்ற வைத்தார். மகள் அப்போதுதான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை முடித்திருந்தாள். தன் பயிற்சிப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து, "இதுவும் அதே கணக்குத்தான் அம்மா. நான் பென்சிலாலை எழுதினதை அழிச்சுத் தாறன்," என்றாள். முழுப் புத்தகத்தையும் உட்கார்ந்து அழித்துத் தந்தது அந்தக் குஞ்சு.

3. கை செய்த வேலை

சோதினைக்குக் கொழும்புக்கு ரயிலில் போனோம். யூட் வெளியே நின்றார். மொழித் தாளில் கட்டுரை நன்றாக ஓடியது. சந்தோசமாகத் திருப்பி வாசித்தபோதுதான் கண்டேன். நான் சொற்களை வெட்டித் திருத்திய மூன்று இடத்திலும், ஓரத்தில், என்ரை சின்னக் கையெழுத்து.

எங்கள் கந்தோரின் வழக்கம் அது. வரைவில் ஒரு சொல்லை வெட்டினால், வெட்டிய ஆள் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்கவேண்டும். பிறகு சேர் யாரைக் கேட்பது என்று தேடக்கூடாதாம். பதினாறு வருசம் வைத்த கை, என்னைக் கேளாமலே வைத்துவிட்டது. சோதினை விடைத்தாளிலோ சுட்டெண்ணைத் தவிர வேறு எந்த அடையாளமும் இருக்கக்கூடாது. அறிவுறுத்தலில் முதல் வரி அதுதான். நான் இரண்டு தரம் வாசித்த வரி.

யேசுவே என்று கையை உயர்த்தினேன். மேற்பார்வையாளராக நின்றது ஓர் இளம் பெண். விசயத்தைச் சொன்னதும் அவவின் முகம் வாடிவிட்டது.

"அக்கா, நீங்கள் சொல்லாட்டி நான் கண்டிருக்கமாட்டன். இப்ப நான் மேலிடத்துக்கு எழுதி அனுப்பத்தானே வேணும்."

"ஓம் மிஸ். எழுதுங்கோ."

பேசாமல் இருந்திருக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இருந்திருக்கலாம். ஒரு தரம் பேசாமல் இருந்ததுக்குத்தானே மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வெளியே வந்ததும் யூட் என் முகத்தைப் பார்த்தார். "வா, முதல்லை ஏதாவது சாப்பிடு," என்றார். கோச்சி வவுனியா தாண்டியபிறகுதான் எனக்கு அழுகை வெடித்தது. "இந்தக் கையாலைதானே உழைச்சனான், இந்தக் கையே என்னைக் கவிட்டுப் போட்டுது!" என்றேன். அந்தக் கையைப் பிடித்தவர் கொடிகாமம் வரும்வரைக்கும் விடவில்லை.

அந்தத் தாளை ஏற்கவில்லை. அந்த வருசம் போய்விட்டது.

4. சோதினைப் பேனை

"படிச்சது காணும். இப்ப பழகினதை மறக்கவேணும்," என்றார் யூட். ஒரு புதுப் பேனையை வாங்கி, விரல் படுகிற இடத்தில் எஞ்சினுக்குப் போடுகிற றப்பர் வளையம் ஒன்றை இறுக்கி மாட்டினார். "உது கந்தோருக்குப் போகாது. உது கையிலை பட்டால் கைக்குத் தெரியவேணும், இது வேறை இடம் எண்டு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மேசையில் கட்டுரைத் தலைப்பு இருக்கும். இடையிடையே, "இப்ப ஒரு சொல்லை வெட்டு," என்பார். வெட்டியதும் கை ஓரத்துக்கு ஓடும். ஓடினால் தாளைக் கிழித்துவிட்டு முதலில் இருந்து எழுதவேண்டும். ஒரு நாள் நாலு தரம் கிழித்தார். கோபத்தில் கொப்பியைத் தூக்கி எறிந்து, "நீங்களே போய் எழுதுங்கோ!" என்று கத்தினேன். அவர் கொப்பியை எடுத்துத் தூசி தட்டி, "தலைப்பை மாத்தட்டே?" என்று கேட்டார். அப்படியான மனிசனோடு எப்படிக் கோபிக்கிறது?

இரண்டாம் முறை மண்டபத்தில் ஆறு சொற்களை வெட்டினேன். வெட்டிவிட்டு அடுத்த சொல்லை எழுதினேன். ஓரம் வெள்ளையாக இருந்தது.

5. பெறுபேறு

பெறுபேறு வந்த அன்று ஃபோனில் பட்டியலைத் திறந்தேன். என் சுட்டெண் இருந்தது. கந்தோரில் இருந்து குருநகருக்கு நடையும் ஓட்டமுமாகப் போனேன். யூட் ஒரு எஞ்சினுக்கு மேல் குனிந்து நின்றார்.

"இஞ்சேருங்கோ, கிடைச்சிட்டுது."

கையைத் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கி, எண்ணை ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தரம் வாசித்தார். சிரித்தார். பிறகு, "மூண்டு வருசம்தானே. பிள்ளையை நான் பாப்பன். சோறு, கறி பழகீட்டன். சொதிதான் இன்னும் திரைஞ்சு போகுது," என்றார்.

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. கல்லூரி கொழும்பில். நான் போகவேண்டும், அவர்கள் இருவரும் இங்கே நிற்கவேண்டும். சோதினையைத் தாண்டுவதையே நினைத்து நினைத்து, தாண்டினால் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்பதை நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவருக்கு விண்ணப்பம் போட்ட அன்றே தெரியும். தெரிந்துகொண்டுதான் அத்தனை மத்தியானமும் "ஆர் என்ன செய்தது?" என்று கேட்டிருக்கிறார். நான் அந்தப் பட்டறை வாசலிலேயே இருந்து அழுதேன்.

"என்ன விசர் இது? போறது நீ, நிக்கிறது நான். நானல்லோ அழவேணும்," என்றவர், எஞ்சின் பக்கம் திரும்பி நின்று தானும் அழுதார்.

ஆகவே பிள்ளைகளே, நேரசூசி போடுங்கள், பழைய வினாத்தாள் செய்யுங்கள், அறிவுறுத்தலின் முதல் வரியை மூன்று தரம் வாசியுங்கள். அதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். ஆனால் வீட்டில் உங்களுக்காக முழித்திருந்து கேள்வி கேட்கிற ஓர் ஆள் இருப்பார். நீங்கள் பாஸ் பண்ணினால் அவர் என்ன செய்வார் என்று அவரிடம் ஒரு தரம் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை.