எலிசேயோ இறக்கிய அரைக்கட்டை

பில்பாவோ அரங்கில் இருபத்தெட்டு வருஷம் நான் மேடையின் முன்விளிம்பில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். ஓபரா பாடுகிறவர்களுக்கு அடுத்த வரியை முணுமுணுப்பது என் வேலை. எதிரே பாடகர்களின் செருப்பு தெரியும். மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் இசை நடத்துநரின் முகம் தெரியும். அதில் நான் அதிகம் பார்த்தது எலிசேயோ பாராச்சினாவின் முகம்.

அவர் வலென்சியாக்காரர். அப்பா ஆரஞ்சுப் பழத்தைப் பெட்டியில் அடுக்கும் தொழிலாளி. ஊர் வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிப்பார். மகன் கிளாரினெட் வாசித்து, மாட்ரிட்டில் படித்து, 1956-இல் எங்களிடம் உதவியாளராக வந்தார். இரண்டு வருஷம் பியானோ வாசித்துப் பாடகர்களைப் பழக்கியதோடு சரி.

ஒரு நவம்பர் மதியம், நடத்துநருக்கு மஞ்சள் காமாலை என்று செய்தி வந்தது. மாலையில் இசை நடத்த எலிசேயோ ஏறினார், எதிர் ஹோட்டல் சர்வரின் கறுப்புக் கோட்டில். பயத்தில் முதல் அங்கத்தை ஓட்டிய ஓட்டத்தில் வயலின்காரர்களுக்கு வியர்த்துவிட்டது. இடைவேளையில் கதாநாயகி கர்பீனியே அவரைப் படிக்கட்டில் மடக்கினாள். என் தெருக்காரி; வாய்த்துடுக்கு அதிகம்.

"ஏன் தம்பி, ரயிலப் பிடிக்கணுமா? மூச்சு விடவே விட மாட்டேங்கறியே!"

"பயமா இருக்கும்மா. புத்தகத்துலேருந்து கண்ண எடுத்தா எல்லாம் மறந்துடும்போல இருக்கு."

"மறந்தா மறக்கட்டும். என் தோளப் பாரு. அது ஏறும்போது நீயும் மூச்சிழு. போதும்."

இரண்டாம் அங்கத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் வாய் அவளோடு சேர்ந்து திறந்து மூடியது. அரங்கமே எழுந்து நின்றது. அடுத்த சீசனிலிருந்து வேலை அவருக்குத்தான். லிஸ்பன், புவெனஸ் ஐரிஸ் எல்லாம் போனார். இலையுதிர்காலம் வந்தால் எங்களிடம் திரும்பிவிடுவார்.

இருபது வருஷம் கழித்து கர்பீனியேவின் குரல் தேயத் தொடங்கியது. கடைசி அங்கத்துப் பாட்டின் உச்சம் ஒத்திகையில் மூன்று முறை உடைந்தது. நான்காவது முறை அவள் வாயே திறக்கவில்லை. வேறொருத்தியைத் தேடலாமா என்றார் மேலாளர். மறுநாள் எலிசேயோ கேண்டீனில் என் எதிரே மைப்புட்டியை வைத்தார்.

"ரெமே, உன் கையெழுத்து நல்லா இருக்குமே. இந்தப் பாட்டோட சுருதிய அரைக்கட்டை இறக்கி எழுதணும், எல்லா வாத்தியத்துக்கும். அவங்ககிட்ட மூச்சு விடாத."

"பாடறவங்களுக்குத் தெரியாமலா போகும் ஐயா?"

"தெரியும். நாம சொன்னதா இருக்கக் கூடாது."

மூன்று மதியம் சாக்லேட் குடித்துக் குடித்து எழுதினோம். குழுவில் ஒருவரும் உளறவில்லை, வாயாடி டிராம்போன்காரன் உள்பட.

நிகழ்ச்சி நடந்த இரவு அந்தப் பாட்டு எழுந்ததும் கர்பீனியேவின் செருப்பு ஓர் அடி பின்வாங்கியது. பிறகு ஊன்றி நின்றது. உச்சம் உடையவில்லை. திரை விழுந்ததும் நேராக அவரிடம் வந்தாள்.

"எந்தத் திருட்டுப்பய வேல இது?"

"ஈரக்காத்தும்மா. வாத்தியமெல்லாம் சுருதி இறங்கிப்போச்சு."

"நான் பொறந்ததுலேருந்து இந்த ஊர்ல மழைதான். இன்னிக்குத்தான் இறங்குச்சாக்கும்!"

கன்னத்தில் ஒன்று போட்டாள். அதே கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். அந்த சீசனோடு பாடுவதை நிறுத்திக்கொண்டாள்.

எலிசேயோ இன்னும் பதினோரு வருஷம் நடத்தினார். பிறகு சொந்த ஊருக்குப் போய், ஞாயிறு காலைகளில் ஊர்க் குழுவைச் சதுக்கத்தில் வாசிக்க வைத்தார். பேக்கரிக்காரரும் தபால்காரியும்தான் வாத்தியக்காரர்கள். ஒருமுறை போயிருந்தேன். சாப்பிட்டபின் ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் நேரத்துக்கு வராங்க, ஒழுங்கா வாசிக்கறாங்க. சண்ட போடத்தான் ஒரு பாடகி இல்ல, ரெமே."

போன பிப்ரவரியில் காலமானார். கல்லறை வரை அந்தக் குழு வாசித்துக்கொண்டே போனதாம்.