பெண் பார்க்க வந்தவரின் வயிறு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பலகாரத்தைத் தின்றுவிட்டு, "கல்யாணத்துக்குப் பொறவு பொண்ணுக்கு டீச்சர் வேலை எதுக்கு?" என்று கேட்பார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ராஜபாளையம் மில்லில் பிட்டராக இருந்த ஒருவர்தான், தன் அண்ணனோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, "அவுகளுக்கு இஷ்டம்னா போகட்டும்" என்றார். இவர் போதும், இனி யாரும் வரவேண்டாம் என்று அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. தன் கையாலேயே வெற்றிலை மடித்து, உள்ளே புகையிலையும் வைத்துக் கொடுத்தார். அதை மென்ற செத்த நேரத்தில் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டியது. முற்றத்துக்கு ஓடி, குடலைப் பிடுங்குவதுபோல் வாந்தியெடுத்தார். எழுந்து நிற்க முடியவில்லை. அண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் தெளித்தார்.

"தீராத வயித்துக் கோளாறு போல. மறைச்சுல்லா வந்திருக்காக. இது தோதுப்படாது," என்று அப்பா அம்மாவின் காதில் முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற என் காதிலும் அது விழுந்தது. கடவுளே, வந்தது ஒரே ஒரு நல்ல மனுஷன், அவனும் இப்படியா போக வேண்டும்!

நல்லவேளை, எதிர்வீட்டு டாக்டர் அன்று வீட்டில் இருந்தார். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "பொகையிலை பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தான் மொதத் தடவ. எங்க துப்புறதுன்னு தெரியல. சாற முழுங்கிட்டேன்."

டாக்டர் சிரித்தார். "இது சீக்கே இல்ல. பொகையிலைல நிகோடின்னு ஒரு சரக்கு இருக்கு. அது நரம்பை உசுப்பிவிடும். மூளைல வாந்திக்குன்னு ஒரு எடம் இருக்கு, அதையும் கெளப்பிவிடும். பொறவு வயிறு சொன்னபடி கேக்குமா? செத்த நேரம் படுத்தா சரியாப்போகும்."

"நான் நாள் பூரா போடுதேன், எனக்கு ஒண்ணும் செய்யலியே?" என்றார் அப்பா விடாமல்.

"உங்க நரம்பு பழகிப்போச்சு. நெஞ்சு எரியுதுன்னு எங்கிட்ட வாரீயளே, அதுக்கும் இதுதான் காரணமா இருக்கும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. போன உயிர் திரும்பி வந்தது.

அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. பாயில் படுத்திருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மாப்ள?"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நீங்க மடிச்சுக் குடுத்த வெத்தலைய வேணாம்னா, பொண்ணையே வேணாங்கேன்னு நெனச்சிருவீயளே மாமா."

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா இடுப்பில் கிள்ளினாள்.