பாறைக்கு வந்த தேமல்

சித்தையன்கோட்டையிலிருந்து சேவுகம்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த ஜக்கம்மாளுக்கு இரண்டு சோலி. விடியுமுன் மல்லிகை பறிப்பு. வெயில் ஏறினால் தேமல் வைத்தியம். பூவரசங்காயைக் கல்லில் உரசி, அந்த மஞ்சள் பாலைத் தடவி விடுவாள். தாய்மாமன் பெண்டாட்டி சொல்லிக் கொடுத்தது. அவளுக்குக் கற்றுக் கொடுத்தவள் அவளுடைய நாத்தனார். வத்தலக்குண்டிலிருந்துகூடப் பஸ் ஏறி வருவார்கள். கைராசிக்காரி என்று பேர். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொன்னால் அவளே கோபித்துக்கொள்வாள்.

அவள் கொழுந்தன் பொன்னுத்துரை, சித்திரை வெயிலிலும் கழுத்துத் துண்டை அவிழ்க்காத மனுஷன். ஒருநாள் தோட்டத்துப் பாறையைக் காட்டினான். அதன் மேல் சாம்பலும் காவியுமாகத் திட்டுத்திட்டாக ஏதோ படர்ந்திருந்தது.

"மதினி, ஊருக்கெல்லாம் தேமல் போக்குறீக. உங்க பாறைக்கே தேமலு! அதைப் போக்குங்க பாப்போம்."

பூப்பறித்த நாலு பெண்களும் சிரித்துவிட்டார்கள். ஜக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு மாசம். போகலைன்னா இந்தக் கை இனிமே பூவரசங்காயைத் தொடாது, போ!"

வாயை விட்டுவிட்டாள். தினமும் பாறைக்குக் காய்ப்பால் பூச்சு. இருபதாம் நாள் மழை பெய்தது. மறுநாள் திட்டெல்லாம் தண்ணீர் குடித்துப் பச்சையாய்ப் பூரித்து நின்றன.

"மருந்து நல்லாப் பிடிச்சிருச்சு மதினி, ஒரு சுத்துப் பெருத்திருச்சே!"

கெடு முடிகிற அன்று பொன்னுத்துரையின் மகள் கீர்த்தனா, கல்லூரியில் தாவரவியல் படிக்கிறவள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"பெரியம்மா, இது நோயே இல்ல. பூஞ்சணமும் பாசியும் சேந்து இருக்குதுக. பூஞ்சணம் வீடு கட்டும், பாசி சோறாக்கும். இலை மாதிரி இருக்குல்ல, இது கறிக்குப் போடுற கல்பாசிக்குப் பங்காளி. பெயிண்ட் அடிச்ச மாதிரி ஒட்டிக் கிடக்குறது வேற வகை. இதுக நீங்க வாக்கப்பட்டு வாரதுக்கு முன்னாடியே இங்க குடி வந்ததுக."

"அப்ப தோத்துட்டீக மதினி!"

ஜக்கம்மாள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"குடும்பம் நடத்துறவுகளப் பிரிச்சு விடுறது என் சோலி இல்லப்பா. ஆனா சொன்ன சொல்லு சொல்லுதான். இனிமே காயைத் தொடமாட்டேன்."

பொன்னுத்துரைக்கு முகம் சுண்டிப்போயிற்று. மெல்லக் கழுத்துத் துண்டை அவிழ்த்தான். கழுத்தெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் தேமல்.

"ரெண்டு வருசமா மறைச்சுக்கிட்டுத் திரியிறேன் மதினி. பந்தயத்தை விட்ருங்க."

"இது என்ன கொழுந்தனாரே, குடும்பமா, நோயா?"

"நோய்தான் மதினி."

"காதுல விழுகல. அந்தா பூப்பறிக்கிறவுகளுக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

"நோய்தான், நோய்தான்! பந்தயம் வாபஸு!"

ஜக்கம்மாள் ஒரு காயை எடுத்து அந்தப் பாறையிலேயே, திட்டில்லாத இடமாகப் பார்த்து உரசினாள்.